வரதராஜனுக்கு ஒரு கால் குறைச்சல்

டெலிபோன் பில் வந்த அன்று கட்டிங் மாஸ்டர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து முதலில் பில்லை நீளவாக்கில் அளந்தார். பிறகு அதே நாடாவை மனைவியின் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தார்.

"இனிமே இந்த வீட்டுலேர்ந்து கடல் தாண்டி ஒரு பேச்சுப் போகாது. போனாலும் காசு குடுத்துப் போகாது. இது சத்தியம்."

"அப்ப எங்கம்மாகிட்ட எப்படிப் பேசறதாம்? ஜன்னல் வழியா கத்தவா?"

"கத்து. காத்து அந்தப் பக்கமா அடிக்கும்போது கத்து. அதுக்கு பில் வராது."

மாஸ்டர் வெட்டுவதில் மன்னர். இரண்டு பேர் துணியில் மூன்று பேருக்குச் சட்டை வெட்டுவார். மூன்று பேரும் மூச்சை உள்ளே இழுத்தபடி நடப்பார்கள். வெட்ட முடியாத ஒரே சங்கதி, பிள்ளைகளோடு வெளிநாட்டில் போய்க் குடியிருக்கும் மாமியாரோடு மனைவி பேசும் பேச்சு. 'ஹலோ'வுக்கு ஒரு அழுகை. 'சாப்பிட்டியா'வுக்கு ஒரு அழுகை. 'சரி, வச்சிடட்டுமா' என்று தொடங்கினால் அதுவே தனியாக ஒரு கால் அளவுக்கு நீளும்.

வழி கடையிலேயே கிடைத்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் தொந்திக்காரர் ஒருவர், பேண்டின் இடுப்பைத் தளர்த்தக் கொடுத்துவிட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோலத்தில் எங்கேயும் போக முடியாததால் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆள் பேர் சொல்லி புக் பண்ணுங்க மாஸ்டர். அந்த ஆள் அங்க இல்லைன்னா காசு கிடையாது."

"அங்க இல்லாத ஆள் பேரைச் சொன்னா?"

"காசு கிடையாது."

"உலகத்துலயே இல்லாத ஆள் பேரைச் சொன்னா?"

தொந்திக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "மொதல்ல என் பேண்டைக் குடுங்க."

அன்று அந்த இடுப்பு இலவசமாகத் தளர்ந்தது. கடைச் சரித்திரத்தில் அதற்கு முன்னும் அப்படி நடந்ததில்லை, பின்னும் நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெயர் சூட்டு விழா ஆரம்பித்தது. கேட்கிற பெயர்தான் சேதி. அந்தப் பக்கம் 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்லிவிட்டால் சேதியும் போய்ச் சேர்ந்துவிடும், காசும் தங்கிவிடும்.

"நாம நல்லா இருக்கோம்னா சௌக்கியநாதன்."

"உடம்பு சரியில்லைன்னா?"

"காய்ச்சலப்பன்."

"ஏங்க, எல்லாம் ஆம்பளைப் பேராவே இருக்கே?"

"நீதானே சொல்வ, ஆம்பளைங்க எந்நேரமும் வீட்டுல இருக்கிறதில்லைன்னு!"

அவள் கன்னத்தில் கைவைத்து யோசித்தாள். "ஒருவேளை அம்மா வந்துட்டுப் போகணும்னு கேட்டா?"

போன தடவை மாமியார், 'ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்' என்றுதான் வந்தார். அந்த ஒரு எட்டு அடுத்த மழைக்காலம் வரை நீண்டது. வீட்டிலும் வேலை பார்க்க ஜன்னலோரம் வெளிச்சமாகப் போட்டிருந்த வெட்டு மேசை, மாமியாரின் கட்டிலாயிற்று. மாஸ்டர் சமையலறை வாசலில் குந்தியபடி கோட்டுத் துணி வெட்டி, ஒரு மாப்பிள்ளைக்கு முதுகில் பாக்கெட் வைத்தார்.

அவளே சொன்னாள்: "வரலாம்னா வரதராஜன். வர வேண்டாம்னா வராதராஜன்."

"அடி என் புத்திசாலி!" மாஸ்டர் துள்ளினார். "ஒரு கால்தான் வித்தியாசம்! நீயும் என்கூட இருந்து சிக்கனமா வெட்டக் கத்துக்கிட்ட."

இந்தப் பெயர்களை மாமியாருக்குச் சொல்லிக்கொடுக்கக் கடைசியாக ஒரே ஒரு தடவை காசு கொடுத்துப் பேச அனுமதி கிடைத்தது. மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். கண் கடிகாரத்தில். காதும் கடிகாரத்தில். டிக் டிக் என்று ஓடும் காசைத் தவிர வேறு எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. நடுவில் அம்மாவும் பெண்ணும் ஏதோ ஒரு பெயருக்குச் சிரித்தது மட்டும் கேட்டது.

"என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்லைங்க. அம்மாவுக்கு இருமல்."

"இருமலுக்கெல்லாம் காசு! வை கீழே!"

திட்டம் பிரமாதமாக ஓடியது. எக்ஸ்சேஞ்சில் லைன் போட்டுத்தரும் அம்மா, "சௌக்கியநாதன் இருக்காரா?" என்று கேட்பார். தூரத்தில் மாமியார் குரல், "இல்லையேம்மா" என்னும். ஒருநாள் எக்ஸ்சேஞ்ச் அம்மாவே திரும்பி, "அவர் இல்லையாம் சார். முட்டிவலியப்பன் இருக்காராம், பேசுறீங்களா?" என்று கேட்டுவிட, மாஸ்டர், "வேண்டாம் வேண்டாம்! அவரோட எனக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது!" என்று அலறி போனை வைத்தார்.

காசு மிச்சமான சந்தோஷத்தில் மாஸ்டர் ஒன்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் 'இல்லையேம்மா' கேட்டு லைன் அறுந்தபிறகும் மனைவி ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றிருப்பாள். அறுந்த லைனுக்குக் காசு இல்லை என்பதால் மாஸ்டரும் ஒன்றும் சொல்வதில்லை.

பிறகு ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து மணி அடித்தது. "உங்க வீட்டுல வரட்டுமாசாமின்னு யாராவது இருக்காங்களா?"

மாஸ்டர் ஜன்னலோர மேசையைப் பார்த்தார். மேசையும் அவரைப் பார்த்தது.

"இல்லை!" என்று வைத்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். "பதிலை நான்தான் சொல்வேன். நீ சொன்னா ஒரு காலை முழுங்கிடுவ."

"நான் ஏங்க முழுங்கறேன்? நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டார்.

"யார் பேருக்கு சார்?"

"வராதராஜன்."

"வரதராஜனா?"

"இல்லம்மா. வ... ரா... த..."

"சரி சரி, புரியுது. லைன்ல இருங்க."

புரிந்த லட்சணம் அடுத்த நொடியே தெரிந்தது. "ஹலோ, அங்க வரதராஜன் இருக்காரா?" கடலுக்கு அப்பாலிருந்து மாமியார் போட்ட குதூகலக் கூச்சலில் ரிசீவர் நடுங்கியது.

"ஆள் இல்லையாம் சார். ஆனா அந்தம்மாவுக்கு அதுல ரொம்ப சந்தோஷம்."

சமையலறை வாசலில் நின்ற மனைவி கனிவாகச் சொன்னாள்: "பேசாம காசைக் குடுத்து, 'வராதீங்க அத்தை'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்."

"காசா? சத்தியம் பண்ணியிருக்கேன்! இதோ பாரு." மறுபடியும் எக்ஸ்சேஞ்ச். "அம்மா, நீங்க பேரைத் தப்பாக் கேட்டுட்டீங்க. அதுல இன்னொரு கால் போடணும்."

"இப்பத்தானே சார் ஒரு கால் போட்டேன்?"

"அந்தக் கால் இல்லம்மா. துணைக்கால்!"

"துணைக்கு யார் வீட்டுக்கு சார் போடணும்?"

"ஐயோ, எழுத்துக்குப் போடற கால்! முன்னால இருக்கிற ராவுக்கும் ஒரு கால், பின்னால இருக்கிற ராவுக்கும் ஒரு கால். பேண்டுக்கு ரெண்டு கால் இருக்கிற மாதிரி! நீங்க கூப்பிட்ட ஆளு நொண்டி!"

"பெத்தவங்க இப்படியா சார் பேர் வைப்பாங்க?"

"வச்சுட்டாங்களே, நான் என்ன பண்ண?"

இந்தத் தடவை எக்ஸ்சேஞ்ச் அம்மா வெறுப்பில் எழுத்து எழுத்தாக இழுத்தார்: "அங்க... வ... ரா... த... ராஜன் இருக்காரா?"

அந்தப் பக்கத்திலிருந்து, "அய்யய்யோ, அவரா! இல்லையேம்மா!" என்று முன்னைவிடப் பெரிய கூச்சல்.

"அதிர்ச்சி," என்றார் மாஸ்டர், ரிசீவரை வைத்தபடி. "பாவம், ஆசை காட்டி மோசம் பண்ணிட்டோம்."

மனைவி புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளே என்று மாஸ்டருக்கே மனசு என்னவோ செய்தது. ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு கோட்டை வெட்டி மனசைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்த வாரம் வாசலில் ஒரு வண்டி நின்றது. முதலில் மாமியார் இறங்கினார். பிறகு மாமனார். பிறகு சின்ன மச்சான், அவன் மனைவி, அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் மூன்று சக்கர சைக்கிள். மனைவி ஓடிப்போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாஸ்டர் நாடாவின் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். "அத்தை... எக்ஸ்சேஞ்சில என்ன பேர் சொன்னாங்க?"

"மொதல்ல வரதராஜன்னாங்க மாப்பிள்ளை. சரி, நான் மட்டும் போவோம்னு பெட்டியை எடுத்தேன். அதுக்குள்ள மறுபடியும் அடிச்சு, வராதராஜன்னு தெளிவாச் சொல்லிட்டாங்க."

"வராதன்னு சொல்லியுமா..."

"ஆமாம். தனியா வராத, எல்லாரையும் கூட்டிட்டு வான்னுதானே அர்த்தம்? உங்க பொண்டாட்டி அப்படித்தானே சொல்லிக்குடுத்தா!" மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசு மாப்பிள்ளை உங்களுக்கு. ரெண்டாம் தடவை வேற கூப்பிட்டுச் சொல்லியிருக்கீங்க."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். தோள்கள் அன்றைக்குக் குலுங்கியதுபோலவே குலுங்கின. இப்போதுதான் அவருக்கு அந்தக் குலுக்கல் என்ன வகை என்று புரிந்தது.

வெட்டு மேசையில் மெத்தை விரிந்தது. அளவு நாடாவைப் பிள்ளைகள் சைக்கிளில் கட்டி இழுத்தார்கள்.

அப்போது டெலிபோன் மணி அடித்தது. "அங்கயே இருக்கிற என் பெரிய பையனாத்தான் இருக்கும்," என்றார் மாமியார் மேசையில் சாய்ந்தபடி. "நாங்க வந்து சேர்ந்துட்டோமான்னு கேப்பான். என் பொண்ணு அதுக்கும் ஒரு பேர் வச்சிருக்கா. அப்படி ஒருத்தர் இல்லைன்னு சொல்லி வச்சிடுங்க மாப்பிள்ளை, அவனுக்குக் காசு மிச்சம்."

மாஸ்டர் ரிசீவரை எடுத்தார்.

"வெளிநாட்டுக் கால் சார்," என்றார் எக்ஸ்சேஞ்ச் அம்மா. "அங்க ஏமாந்தசாமி இருக்காரா?"

மாஸ்டர் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நான்தாம்மா பேசுறேன்."