மஞ்சள் வட்டம் கைப்பற்றிய படலம்

வாழி, மாரளவுப் படங்களின் மாமன்னன்! வாழி, நீலத்திரை முன் நிறுத்திய முக்காலிக்கு நிகரற்ற தலைவன்! "மோவாயை இறக்குங்க, சிரிக்காதீங்க" என்னும் இரண்டே மந்திரங்களால் ஓர் ஊரின் முகங்கள் அனைத்தையும் கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் உகந்தனவாக்கிய, வழுக்கை சுடர்விடும் ஸ்டுடியோக்காரன், தலைநகர் ஏகிப் பொருத வரலாற்றைச் சொல்லப் புகுந்தேன். கைப்பேசியைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள்.

ஊரையெல்லாம் படம் பிடித்த அந்த மகானுபாவன், மணமாகி இருபத்திரண்டு ஆண்டுகளில் தன் மனைவியை ஒரு படம்கூடப் பிடித்தானில்லை. அவளுடைய அக்காளோ, தலைநகரின் நினைவுத் தூண் அடிமுதல் முடிவரை தெரிய அதன்முன் தான் நிற்கும் படத்தைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்டி, வருவோர் போவோர்க்கெல்லாம் காட்டி, "உன் வீட்டுக்காரர் படம் பிடிக்கிறவர்தானே?" என்று கேட்டுக் கேட்டுத் தங்கையின் நெஞ்சைப் புண்ணாக்கியிருந்தாள். ஆதலின் தலைநகரில் வந்து இறங்கியதுமே மனைவி சூளுரைத்தாள்.

"தூண் முழுசா தெரியணும், நானும் தெரியணும். இல்லன்னா நான் திரும்பி பஸ் ஏற மாட்டேன்."

நாட்டுக்காக உயிரீந்தோர்க்கு எடுத்த அத்தூண், வெண்பளிங்கால் ஆகி, முகில் தொட நின்றது. அதை முழுதாகப் படத்தில் அடக்கவல்ல இடம் அவ்வகன்ற முற்றத்தில் ஒன்றே ஒன்று. அங்கே தரையில், படம் பிடிப்பவர் நிற்பதற்கென்று ஒரு மஞ்சள் வட்டம் வரைந்திருந்தார்கள். ஆறு மணிக்கு வாயில் அடைபடும். அப்போது மணி ஐந்தரை.

அந்தோ, வட்டத்துக்குள் பதினொருவர் கொண்ட ஒரு குடும்பம் பாளையமிறங்கியிருந்தது! மாமனாரோடு மருமகள், மருமகளோடு நாத்தனார், நாத்தனாரை விலக்கிச் சம்பந்தி, கோபித்துக்கொண்டு போன சம்பந்தியைக் கெஞ்சி அழைத்துவந்து மீண்டும் அனைவரும் என, உறவுமுறை அத்தனையையும் ஒவ்வொன்றாகத் தூணடிக்கு அனுப்பிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான் தொப்பியணிந்த அவர்தம் தளபதி. நம் வீரன் முதலில் கனைத்தான், பயனில்லை. பின்னர்த் தன் கேமராப் பையைத் தூதாக வட்டத்தின் ஓரத்தில் வைத்தான். அதைத் தொப்பிக்காரன் காலாலே வெளித்தள்ளினான். அடுத்து இடக்கால் கட்டைவிரலை எல்லை தாண்டி அனுப்பி, அங்குலம் அங்குலமாக நிலம் கவர்ந்து, குதிகால்வரை உட்புகுந்தான். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் காவலாளியின் விசில் திசையெட்டும் அதிர முழங்கிற்று. தூணடியில் தனித்து நின்ற மனைவியின் முகம் வாடிப்போனதைக் கண்டான். அக்கணமே பொங்கி எழுந்து முழங்கினான்:

"அவ இருபத்திரண்டு வருஷமா காத்துக்கிட்டிருக்கா! இந்த வட்டம் எனக்கு ரெண்டு நிமிஷம் வேணும்!"

பதினொருவரும் விலகினர். தொப்பிக்காரன் தொப்பியையே கழற்றிவிட்டான். வட்டத்தின் நடுவே, வழுக்கையில் மாலை வெயில் வாகை சூட்ட, கேமராவைக் கண்ணில் ஏற்றினான் நம் வீரன். அவளைப் பார்த்தான். பார்த்ததும் உள்ளம் உருகிற்று. உள்ளம் உருகிய நேரத்தில், அறுபதாயிரம் முகங்களைப் பிடித்துப் பழகிய கை லென்ஸைத் தானே திருகியது, வாய் தானே கூவியது.

"மோவாயை இறக்கு. முடியைக் காதுக்குப் பின்னால தள்ளு. சிரிக்காதே."

பொத்தான் அழுந்தியது. வாயில் அடைபட்டது. பகைப்படையே கைதட்டி ஆர்ப்பரித்தது.

பேருந்து நிறுத்தத்தில் கேமராவை வாங்கி அவள் பார்த்தாள். மாரளவில் அவள். சிரிப்பில்லா முகம். இரண்டு காதும் பழுதறத் தெரிந்தன. முகில் தொடும் தூணோ, அவள் தலைக்குப் பின்னே, சுருக்கமில்லாத வெள்ளைத் திரையாக மட்டும் இருந்தது. வென்ற வீரன் வெட்கத்தால் நிலம் நோக்கி, தன் கையைத் தானே நொந்துகொண்டான். அவள் கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள். பேருந்து வந்து நின்றது.

"பரவாயில்ல. அக்கா கேட்டா, தூண் பின்னாலதான் இருக்குன்னு சொல்லிக்கிறேன்" என்று சொல்லி ஏறினாள்.

அடுத்த மாதம் ஓட்டுநர் உரிமத்துக்கு அவள் அந்தப் படத்தைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார்கள்.