நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக்கு ஒரு திருத்தச் சீட்டு வேண்டி

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் மூவரும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்தின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். இரண்டாவதை ஏன் விசாரிக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

தாங்கள் வெளியிட்ட 'மேல்நிலை ஆங்கிலம்: இலக்கியமும் கருத்தறிதலும்' என்னும் கைடின் அட்டையில் '12 வல்லுநர்கள் கொண்ட ஆசிரியர் குழு' என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் குழு நான்தான் என்பது தங்களுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். என் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது உண்மை. பெயர் போடாமல் விடுவதற்கும் கூடவே பதினொரு பேரைச் சேர்ப்பதற்கும் நடுவில் ஏதாவது வழி இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. இருந்தாலும் அது என் புகார் இல்லை.

பெயர் வேண்டாம் என்றதற்குக் காரணம் என் அம்மா. ஒரு மருத்துவமனையின் துணி அறையில், படுக்கை விரிப்புகளையும் அறுவை அங்கிகளையும் இஸ்திரி போட்டு அடுக்கும் வேலையில், பதினான்கு வருஷமாக இருக்கிறாள். நான்கு வருஷத்துக்கு முன் ஒரு பத்திரிகையில், தூக்கம் வராத இரவுகளைப் பற்றி நான் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்று வந்தது. அதை அம்மா வெட்டி எடுத்துத் துணி அறைக் கதவில் ஒட்டிவிட்டாள். அழுக்குத் துணி கொண்டுவந்த ஒவ்வொருவரும் நின்று படித்துவிட்டு, "உம் பொண்ணுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டார்களாம். அன்றிலிருந்து நூலக வேலை முடிந்து வந்து வீட்டில் நான் எதை எழுதினாலும், "அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறேன்" என்றே சொல்லிவருகிறேன். தங்கள் கைடையும் அப்படித்தான் எழுதினேன்.

இப்போது அந்த அம்மா மேல்நிலைத் தேர்வு எழுதப் போகிறாள். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் எல்லாப் பாடத்திலும் தேறி, ஆங்கிலத்தில் மட்டும் நான்கு மதிப்பெண்ணில் போனவள். துணி அறையின் மேற்பார்வையாளர் இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மேல்நிலைச் சான்றிதழ் கட்டாயம். அம்மாவிடம் சான்றிதழ் தவிர மற்ற எல்லாமே இருக்கிறது. போட்டிக்கு இருப்பவரிடம் சான்றிதழ் மட்டும் இருக்கிறது. அவர் விரிப்பை மடித்தால் பார்சல் மாதிரி இருக்கும் என்கிறாள் அம்மா. இந்த முறை போனால் இன்னும் பத்து வருஷம் அந்தப் பார்சல்காரருக்குக் கீழே நிற்க வேண்டும். அதனால் தனித்தேர்வராகப் பணம் கட்டிவிட்டு, மருத்துவமனை வாசலில் இருக்கும் கடையில் போய், "இருக்கறதுலயே பெரிய கைடாக் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தாள். பழுப்புத் தாளைப் பிரித்தாள். உள்ளே தங்கள் கைடு. நான் அப்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அதையே காரணமாகச் சொல்லிவிட்டேன்.

ஐயா, எந்த எழுத்தாளருக்கும் இப்படி ஒரு வாசகி வாய்க்கக் கூடாது. "குழு சொல்லுது" என்றுதான் அம்மாவுக்கு வாக்கியமே ஆரம்பிக்கிறது. நான் ஏதாவது சொல்லிக்கொடுக்கப் போனால், "நீ ஒருத்தி. அவங்க பன்னெண்டு பேரு, உக்காந்து யோசிச்சு எழுதியிருக்காங்க" என்கிறாள். கருத்தறிதல் பகுதியின் முதல் விதியாக, 'விடை பத்திக்குள்ளேயே இருக்கிறது, வெளியே தேடாதீர்கள்' என்று நான் எழுதியிருந்தேன். அப்பா மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று வீட்டைப் புரட்டினால், நெற்றியைக் காட்டி, "விடை பத்திக்குள்ளயே இருக்குங்க, வெளிய தேடாதீங்க" என்கிறாள். லாரி எடை போடும் மேடையில் வேலை செய்யும் அப்பா எதையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்க்காமல் நம்பாத மனிதர். அவரே, "அந்தக் குழுவுல இருக்கறவங்க வெவரமானவங்கதான்" என்று சொல்லிவிட்டார். பெற்ற மகளாக எனக்கு அந்தப் பாராட்டு இதுவரை கிடைத்ததில்லை. கிடைத்தபோது அது பன்னிரண்டாகப் பிரிந்து போனது.

அதோடு அம்மா அந்தப் பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாள். இலக்கணப் பகுதி எழுதியவர் கோபக்காரர், ஆண், காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறவர். கடிதப் பகுதி எழுதியவருக்கு வயது அறுபது, மூட்டுவலி. (நகராட்சிக்கு எழுதும் மாதிரிப் புகார்க் கடிதத்தில், 'எங்கள் வீட்டுக் குழாய் ஏழு சொட்டு விட்டுச் சற்று யோசித்துவிட்டு எட்டாவது சொட்டை விடுகிறது' என்று எழுதியிருந்தேன். "நம்ம வீட்டுக் குழாய் மாதிரியே இருக்கு பாரேன்" என்றாள் அம்மா. "எல்லார் வீட்டுலயும் குழாய் ஒழுகத்தாம்மா செய்யும்" என்றேன்.) செய்யுள் பகுதியை இரண்டு தடவை படித்தாள். பிறகு, "இது ஒரு பொண்ணு எழுதினது. நெறையப் படிச்சிருக்கா. வீட்டுல பேச ஆள் இல்ல போல, பாவம்" என்றாள். "அதெப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "யார்கிட்டயோ சொல்ல வேண்டியத மூணு மார்க் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்காளே" என்றாள். நான் எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடினேன். அது ஏழு சொட்டு விட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பாடநூல் கடைகளில் தீர்ந்துபோனதால் பாடங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினீர்கள். பதினொரு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு விடைகள் கேட்டீர்கள். ஆறாம் பாடம், வெள்ளத்தில் ஓடம் விடுகிறவனின் கதை. ஊரையே கரையேற்றுகிறான். கடைசியாகக் கரையில் நிற்பவன், முன்பொரு காலத்தில் பொய்ச்சாட்சி சொல்லி இவனைச் சிறைக்கு அனுப்பியவன். அவனை விட்டுவிட்டு ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போகிறான் ஓடக்காரன். நடு ஆற்றில் ஓடத்தைத் திருப்புகிறான். என்னிடம் இருந்த கட்டு அந்த இடத்தில் முடிந்தது. முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்ததால் கதையும் முடிந்துவிட்டது என்று நம்பினேன். 'ஓடக்காரன் ஏன் திரும்பினான்?' என்ற எட்டு மதிப்பெண் கேள்விக்கு, 'வெள்ளத்தைக் கண்டு பயந்து' என்று முக்கால் பக்கம் எழுதினேன். 'இக்கதையிலிருந்து நாம் பெறும் படிப்பினை யாது?' என்பதற்கு, 'புறப்படும் முன் வானிலையைக் கவனிக்க வேண்டும்' என்று எழுதினேன். தங்கள் கைடின் நூற்றுப் பதினெட்டாம் பக்கம் அதுதான்.

போன வாரம் நூலகத்துக்குப் புதிய பாடநூல் வந்தது. பிரித்துப் பார்த்தால் அந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. தங்கள் இயந்திரம் இரண்டு தாளைச் சேர்த்து விழுங்கியிருக்கிறது. ஓடக்காரன் கரைக்குத் திரும்பி வருகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஓடம் ஆடாமல் பிடித்துக்கொள்கிறான். மற்றவன் ஏறி உட்காருகிறான். அவ்வளவுதான் கதை. அதற்குள் அம்மா அந்த முக்கால் பக்கத்தையும் காற்புள்ளி உட்பட மனப்பாடம் செய்து முடித்திருந்தாள்.

முதலில் நேர் வழியில் போனேன். பாடநூலைக் கொண்டுவந்து கடைசிப் பக்கத்தைக் காட்டி, "கைடுல தப்பாப் போட்டிருக்கும்மா. அவன் பயந்து திரும்பல, அந்த ஆளைக் கூட்டிட்டு வரத்தான் திரும்பினான்" என்றேன். அம்மா நிதானமாகப் படித்தாள்.

"சரி, கூட்டிட்டு வரத்தான் திரும்பினான். ஏன் கூட்டிட்டு வரணும்?"

"மனசு கேக்கல."

"மனசு கேக்கலன்னா என்ன? பயம். வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கேப்பா, 'எல்லாரையும் கொண்டாந்து விட்டியே, அந்த ஆளு எங்க?'ன்னு. அதுக்கு இவன் என்ன சொல்லுவான்? அந்தப் பயம். குழு எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்கு பாத்தியா!"

கதையில் பொண்டாட்டியே கிடையாது என்றேன். "சோறு யார் போட்டா?" என்றாள்.

ஐயா, அன்று முழுக்க நூலகத்தில் அந்தப் பொண்டாட்டியைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் படித்த எந்த விமர்சகருக்கும் அவளைத் தெரியாது. ஆனால் விடைத்தாள் திருத்துகிறவருக்கும் தெரியாதே. அவர் கையில் இருக்கும் குறிப்பில் 'மன்னிப்பு, மனிதநேயம்' என்றுதான் இருக்கும்.

இரண்டாவதாக, சரியான விடையைத் தட்டச்சு செய்து, அளவாக வெட்டி, நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் மேல் ஒட்டிவைத்தேன். மறுநாள் அம்மா கைடைத் துணி அறைக்கு எடுத்துப் போய், இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் காட்டி, கீழே ஓர் எழுத்துக்கூடச் சேதமாகாமல் உரித்து எடுத்துவிட்டாள். "யாரோ வெவரம் தெரியாதவங்க ஒட்டியிருக்காங்க" என்றாள். என் விடையை மடித்துப் பக்க அடையாளத்துக்கு வைத்துக்கொண்டாள்.

மூன்றாவதாக மாதிரித் தேர்வு வைத்தோம். அந்தக் கேள்விக்குப் பயம் என்று எழுதினால் எட்டுக்கு ஒன்று போட்டுப் புத்தி வரவைக்கலாம் என்பது என் திட்டம். மேற்பார்வையாளராக அப்பாவைப் போட்டது தவறாகப் போயிற்று. "ஹால் டிக்கெட் எங்க?" என்றார். "இன்னும் வரலைங்க" என்றாள் அம்மா. "அப்ப எந்திரி." அம்மா மருத்துவமனை அடையாள அட்டையைக் காட்டினாள். அதில் இருந்த படத்தையும் ஆளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இது பத்து வருஷத்துக்கு முந்தின படம்" என்றார். "நீங்களும் பத்து வருஷத்துக்கு முந்தி இப்படி இல்ல" என்றாள் அம்மா. பேச்சு எங்கெங்கோ போய், அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். ஆறாம் பாடம் வரை தேர்வு போகவே இல்லை.

தேர்வுக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். 'குழு நான்தான்' என்று சொன்னால், அம்மாவுக்கு மிச்சமிருக்கும் இருநூற்றுப் பத்து விடைகள் மேலும் நம்பிக்கை போய்விடும். எட்டு நாளில் அவளால் இன்னொரு குழுவைத் தேடிக்கொள்ள முடியாது. கைடும் துணி அறைக் கதவுக்குப் போய்விடும்.

ஆகவே தங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. தங்கள் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், 'பக்கம் 118-ல் உள்ள விடை தவறு, சரியான விடை இணைக்கப்பட்டுள்ளது, இப்படிக்கு 12 வல்லுநர்கள்' என்று ஒரு திருத்தச் சீட்டு அடித்து, முத்திரை வைத்து, அம்மாவின் முகவரிக்கு உடனே அனுப்ப வேண்டுகிறேன். முத்திரை ஊதா நிறத்தில் இருந்தால் நல்லது. அம்மா ஊதா முத்திரையை மதிப்பாள். கைடு வாங்கிய மற்ற பிள்ளைகளுக்கும் அனுப்புவது தங்கள் கடமை என்று தனியாக நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் சீட்டு மட்டும் எங்கள் வீட்டுக்கு வரட்டும்.

தங்கள் இல்லத்தாருக்கும், பிழை பார்க்காமல் அச்சுக்கு விட்டவருக்கும் என் அன்பைத் தெரிவிக்கவும். தங்கள் இயந்திரம் இனி ஒவ்வொரு தாளாகச் சாப்பிட்டு நீண்ட நாள் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆசிரியர் குழு

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் தாங்கள் செய்ய வேண்டியதில்லை. இதை எழுதி ஏழு வாரம் ஆகிறது. உறையை நன்றாக ஒட்டி, மருத்துவமனைக்குப் போகிற வழியில் தபால் பெட்டியில் போடச் சொல்லி அம்மாவிடம்தான் கொடுத்தேன். ஆவியை மறந்துவிட்டேன். பதில் வராததால் ஏழு வாரமாகத் தங்களைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். இன்று காலை தேர்வு முடிவு வந்தது. முப்பத்தைந்து வேண்டும், ஐம்பத்தெட்டு வாங்கியிருக்கிறாள். அப்பா இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றார். அதன் பிறகுதான் அம்மா கைப்பையைத் திறந்து இந்தக் கடிதத்தை மேஜை மேல் வைத்தாள்.

"எப்போ தெரியும்?" என்று கேட்டேன்.

"குழாய்லயே தெரியும். பன்னெண்டு பேர் வீட்டுலயும் நம்ம வீட்டு மாதிரியேவா சொட்டும்? விடை பத்திக்குள்ளயே இருக்குன்னு நீதானே எழுதியிருக்க?"

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"நீ சொன்னியா?"

ஆறாம் பாடத்துக் கேள்வி தேர்வில் வந்ததாம். அம்மாவின் ஆங்கில வாக்கியம் ஐந்து சொல்லுக்கு மேல் போகாது. அப்படி எழுதியதைத் தமிழில் எனக்குச் சொல்லிக் காட்டினாள்: 'கடைசிப் பக்கம் கிடைக்காதவர்கள் பயம் என்பார்கள். அவன் அந்த ஆளுக்காகத் திரும்பினான். அவன் மனைவி அவனைக் கேட்பாள்.' திருத்தியவர் எத்தனை போட்டார் என்று தெரியாது. நானாக இருந்தால் எட்டும் போட்டிருப்பேன். "அந்தச் செய்யுள் டீச்சரை மட்டும் நேர்ல பாக்கணும்னு இருந்துச்சு. பாத்தா தெனம் பக்கத்துலதான் உக்காந்திருக்கா" என்று சொல்லிவிட்டு அம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். நானும் போய் மடித்துக் கொடுத்தேன். பார்சல் மாதிரி இருக்கிறது என்றாள்.

அடுத்த பதிப்பில் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் போட வேண்டிய விடையை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதில் மனைவி வருகிறாள், எடுத்துவிட வேண்டாம். அட்டையில் '12 வல்லுநர்கள்' என்று இருப்பதில் முதல் இலக்கமான ஒன்றை மட்டும் நீக்கிவிட்டால் போதும். அச்சகத்துக்கு அதிக வேலை வைக்காது.