படகு எஞ்சின் இயக்கப்பட்டது தொடர்பாக

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் நலமா என்று கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். ஏழு வருடமாக நீங்கள் என்னைக் கேட்கவில்லை என்பதற்காக நானும் கேட்காமல் விட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

பொருள்: படகு எஞ்சின் – ஏழு ஆண்டுகளாக ஓடாமல் கிடந்தது – பழுது நீக்கி இயக்கப்பட்டது – தகவல் தெரிவித்தல் தொடர்பாக.
பார்வை: தங்களிடமிருந்து கடிதம் எதுவும் இல்லை.

முப்பத்தொரு வருடம் கோப்பு எழுதிய கை இது. சொந்தக்காரருக்கு எழுதினாலும் இப்படித்தான் எழுதும், பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். எதிர்க்கரையில் வாத்து வளர்ப்பவர் நம் படகை விலைக்குக் கேட்கிறார். எஞ்சின் ஓடினால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். படகு நம் இருவர் பெயரிலும் பதிவாகியிருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன், பென்சிலால் குறியிட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினால் போதும். நீங்கள் நேரில் வர வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. இந்த ஒரு வரிதான் கடிதத்தில் முக்கியம், மீதியைப் படிக்காவிட்டாலும் பாதகமில்லை. ஆனால் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது, அதற்கு யார் பொறுப்பு என்பது பதிவில் இருக்க வேண்டும் என்பதற்காக மேற்கொண்டு எழுதுகிறேன்.

எஞ்சினைக் கொட்டகையிலிருந்து இறக்கிக் கைவண்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "எத்தனை வருஷமா ஓட்டல?" என்றார். ஏழு என்றேன். "உள்ள இருந்த பெட்ரோல் பிசினா போயிருக்கு. கடைசியா நிறுத்தும்போது பெட்ரோல வத்த விட்டு நிறுத்தியிருக்கணும். யாரு இப்படி விட்டது?" என்றார். என் மச்சான் என்றேன். "நல்ல மச்சான்" என்றார். ஒரு வாரம் நீங்கள், ஒரு வாரம் நான் என்று முறை வைத்து, கரைக்கு வந்ததும் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, உள்ளே மிச்சம் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக அடங்கும் வரை ஓட விடுவோமே, அன்றைக்கு அது உங்கள் முறை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நாட்குறிப்பிலும் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் அக்கா கண்ணை மூடிய இருபதாவது நாள் அவளுடைய தையல் மெஷினை நான் தையல் கடைக்குக் கொடுத்துவிட்டேன் என்று படகில் வைத்துக் கேட்டீர்கள், "அதுக்குள்ள கை அரிச்சுதா?" என்று. என் வீடு, என் இஷ்டம் என்று நான் சொன்னேன். படகு கரை தொட்டதும் நீங்கள் விடுவிடுவென்று இறங்கி நடந்தீர்கள். ஆபத்தில் எஞ்சினை அணைக்கும் சிவப்புச் சுருள் கயிறு உங்கள் மணிக்கட்டிலேயே தொங்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன், கூப்பிடவில்லை. அதோடு பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். கண்டக்டர் என்ன நினைத்தாரோ தெரியாது. நான் இப்போது புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன், அதைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

மெக்கானிக்குக் கைநிறைய வேலை. நீங்களே செய்யலாம், சொல்லித் தருகிறேன், அவசரப்படாதீர்கள் என்றார். "முதல்ல ஸ்டார்ட் பண்ற கயித்த இழுத்துடாதீங்க. உள்ள துரு இருந்தா கீறிடும். பிளக்கைக் கழட்டி, நாலு சொட்டு ஆயில் விட்டு, ஒரு நாள் சும்மா விடுங்க." விட்டேன். எஞ்சினைக் கொல்லையில் மரத்தாங்கியில் மாட்டி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். சும்மா விடு என்றால் பக்கத்தில் உட்காராதே என்று அர்த்தமில்லை. மறுநாள் மேலே இருக்கும் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பினேன், முனகிக்கொண்டு நகர்ந்தது. "பரவாயில்லையே, பொழச்சுக்கிட்டியே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் ஜன்னலைத் திறந்து, "யார்கிட்டங்க பேசுறீங்க?" என்றாள். எஞ்சினிடம் என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்றாள். ஆஸ்பத்திரியில் யாரிடம் இந்தக் கேள்வியை இந்தக் குரலில் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது கார்புரேட்டர். அதைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஒவ்வொரு உறுப்பையும் எண் போட்ட காகிதத்தின் மேல் வரிசையாக அடுக்கினேன். மேஜைக்கு நாலு நாற்காலி, மூன்று நாற்காலிப் பக்கம் உறுப்புகள், ஒரு பக்கம் நான். ரொம்ப நாளைக்குப் பிறகு மேஜை நிறைந்திருந்தது. பதினோராம் எண் காகிதத்தில் இருந்த பித்தளைத் துண்டு காணாமல் போய், நான் மண்டியிட்டு வீட்டையே தடவி, கடைசியில் அது என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் இருந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று நானே பத்திரப்படுத்தியிருக்கிறேன். அப்புறம் உறுப்புகளைப் பெட்ரோலில் கழுவ உட்கார்ந்தேன், அடுப்பில் பால் வைத்திருந்தேன். இரண்டும் தனித்தனியாகச் சரியான காரியங்கள்தான், சேர்த்துச் செய்யக் கூடாது என்பது எனக்குத் தோன்றவில்லை. நல்ல வேளை, நாற்றம் மாடிக்குப் போய் நர்ஸ் இறங்கி ஓடி வந்தாள். அடுப்பை அணைத்தாள், கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தாள், கிண்ணத்தைத் தூக்கிக் கொல்லையில் வைத்தாள், என்னையும் கையைப் பிடித்துக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் நிறுத்தினாள். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாருக்குச் சொல்லணும், அதையாவது எழுதிக் குடுங்க" என்றாள். காகிதமும் கொடுத்தாள். நான் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் காகிதத்தில் என்ன எழுதினேன் என்பது இங்கே தேவையில்லாத விஷயம். அதன் பிறகு எல்லா வேலையும் திறந்த வெளியில்தான், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு.

பழைய பெட்ரோலை சோடா பாட்டிலில் பிடித்து வைத்ததற்கு மெக்கானிக் தனியாகத் திட்டினார், யாராவது குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றார். யாரும் வருவதில்லை என்றேன். "அப்ப நீங்களே குடிப்பீங்க" என்றார். அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு பெட்ரோலில் உறுப்பு கழுவிய எனக்கு அவருடைய சந்தேகம் நியாயம் என்றே பட்டது. பெட்ரோல் குழாய் வெடித்துப் போயிருந்தது, மாற்றினேன். எஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணீரை உறிஞ்சும் ரப்பர்ச் சக்கரம் அப்பளமாக நொறுங்கியது, அதையும் மாற்றினேன். அந்தத் தண்ணீர் வெளியே பீய்ச்சும் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது, தூண்டில் நரம்பை விட்டுக் குடைந்து எடுத்தேன். அந்தத் துளையைக் காட்டித்தான் மெக்கானிக் கண்டிப்பாகச் சொன்னார். "இதுலேருந்து தண்ணி பீச்சணும். பீச்சலைன்னா உடனே நிறுத்தணும், இல்ல உள்ள வெந்துடும். நீங்க முன்னாடி கயிறு இழுக்கிறப்ப இது உங்க கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர் இழுக்கணும், ஒருத்தர் பாக்கணும். தனியா பண்ணாதீங்க."

இது எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமா? இருபத்திரண்டு வருடம் நான் கயிற்றை இழுத்து "தண்ணி வருதா?" என்று கத்துவேன், நீங்கள் பின்னால் குனிந்து நின்று "வருது" என்பீர்கள். அதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது தேடினேன். மெக்கானிக்கால் பட்டறையை விட்டு வர முடியாது. நர்ஸ் இரண்டு வேளை வேலை பார்த்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள், மாடிப்படிக்குக் கீழே பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி நின்றார், நான் பிளக்கை முறுக்குவதற்குள், "எனக்கு இன்னும் நாப்பது வீடு இருக்குங்க" என்று கிளம்பிவிட்டார். ஒரு தெரு முழுக்க ஆள் இருக்கிறது, ஒரு துளையை இரண்டு நிமிடம் பார்க்க ஓர் ஆள் இல்லை. கடைசியில் சவரக் கண்ணாடியை விளக்குமாற்றுக் கம்பில் கட்டி எஞ்சினுக்குப் பின்னால் நட்டு வைத்தேன். எட்டிப் பார்த்தால் தாடி மழிக்காத ஒரு கிழவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். யார் நீங்கள், உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம் போல இருந்தது.

ஆகவே, முறைப்படி: சலவைக்கடையில் வாங்கிய பெரிய டிரம்மை நுரை போகும் வரை மூன்று முறை கழுவி, தண்ணீர் நிரப்பி, எஞ்சினை அதில் இறக்கினேன். படகைத் தள்ளும் விசிறியைக் கழற்றி வைத்துவிட்டேன், கியர் நடுவில், சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில். புதுப் பெட்ரோல், அளந்து கலந்த ஆயில். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பழக்க தோஷத்தில் "தண்ணி வருதா?" என்று கத்தினேன். கண்ணாடியில் தண்ணீர் கம்பியாக வருவது தெரிந்தது. பதில் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று நானே "வருது" என்றேன். ஐந்து நிமிடம் ஓட விட்டு, பெட்ரோலை வற்ற விட்டு, அடக்கினேன். எல்லாம் சுபம்.

எனவே படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும். தங்கள் துணைவியாருக்கு என் அன்பு. பிள்ளைகள் இப்போது என் தோளுக்கு மேல் வளர்ந்திருப்பார்கள், அவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் நூறாண்டு வாழட்டும். உங்களுக்கும் எல்லா நலமும் கிடைக்க வேண்டும் என்று, பழைய வருத்தம் எதையும் கணக்கில் எடுக்காமல், வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவர்

இணைப்பு: படிவம் – 1

பின்குறிப்பு: மச்சான், இணைப்பு எதுவும் இல்லை. உறையைக் கவிழ்த்துப் பார்க்காதே. வாத்துக்காரர் படகைக் கேட்கவே இல்லை, அவருக்கு இரண்டு படகு இருக்கிறது. நாட்குறிப்பையும் எடுத்துப் பார்த்தேன், அன்றைக்குப் பெட்ரோலை வற்ற விட வேண்டியது என் முறை. உன் மேல் இருந்த கோபத்தில் அப்படியே விட்டுவிட்டு வந்தேன். தையல் மெஷின் மூலையில் சும்மா நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால்தான் கொடுத்தேன். நீ கேட்டபோது அதைச் சொல்லியிருக்க வேண்டும். நர்ஸ் கொடுத்த காகிதத்தில் உன் பெயரைத்தான் எழுதினேன், வேறு பெயர் தெரியவில்லை. எஞ்சின் இன்னும் ஓடவில்லை. எல்லாம் தயாராக இருக்கிறது, கயிற்றையும் கையில் எடுத்தேன், இழுக்க மனம் வரவில்லை. நீ ஒரு நாள் வா. அந்தப் பேச்சு எதுவும் பேச வேண்டாம், என்னோடு பேசவே வேண்டாம். பின்னால் நின்று, தண்ணீர் வந்தால் வருது என்று மட்டும் சொல்.