தேல்வாலா மாமாவின் முறுக்கு டீசல்

உலகத்திலேயே வெறும் முறுக்கையும் வடையையும் நம்பி வண்டி ஓட்டிய ஒரே மனிதர் புனேயில் எங்கள் நிக்டி பேட்டையின் தேல்வாலா மாமாதான். வேறு யாராவது இருக்கிறார்கள் என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

தேல்வாலா என்றால் இந்தியில் எண்ணெய்க்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் மாமிக்கு மட்டும்தான் தெரியும், அவள் அதை வாயால் சொல்ல மாட்டாள். தேஹு ரோடு ராணுவ டெப்போவில் முப்பது வருஷம் ஸ்டோர்ஸில் குப்பை கொட்டி ரிடையரானவர் மாமா. எது கைக்கு வந்தாலும் அதன் மேல் ஒரு சீட்டு ஒட்டாமல் கீழே வைக்க மாட்டார். அவர் வீட்டுச் சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று எழுதி, வந்த தேதியும் கொண்டுவந்தவர் பெயரும் போட்டிருக்கும்.

சாலையோரமெல்லாம் காட்டாமணக்கு நட்டால் டீசலே வாங்க வேண்டாம் என்று பேப்பர்கள் எழுதித் தள்ளிய காலம் அது. மாமா அதைப் படித்துவிட்டுக் கொதித்தார். அந்த விதையைக் குழந்தைகள் தின்றால் ஆஸ்பத்திரிதான், சோளம் விளைகிற நிலத்தை அதற்குக் கொடுத்தால் பாக்ரி ரொட்டிக்கு எங்கே போவது என்று என்னைச் சுவரோரம் நிறுத்திக் கேட்டார். பொரித்து முடித்துச் சாக்கடையில் கொட்டுகிற எண்ணெய் ஊர் முழுக்க இருக்கும்போது புதிதாக எதற்கு விளைவிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மறு வாரமே பால்கனியில் நான்கு டிரம்கள் வந்து இறங்கின.

வடாபாவ் கடைகளிலிருந்து தீய்ந்த எண்ணெயை வாங்கி வருவார். பழைய வேட்டியில் வடிகட்டி, சூடாக்கி, காஸ்டிக் சோடா கரைத்த மெத்தனாலைக் கலப்பார். அதை மூச்சில் இழுத்தாலே கண் போய்விடும் என்பதால் முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு, யாரும் கிட்டே வரக்கூடாது என்று வாசலில் சிவப்புக் கொடி நட்டுவிடுவார். பால்காரர் கொடியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பாலைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

டிரம்மில் மேலே தெளிந்து நிற்கும் பொன்னிறத் திரவம்தான் டீசல். முதல் நாள் அது அவருடைய பழைய ஜீப்பில் ஓடியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கரும்புகை இல்லை. எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. பின்னால் வந்தது புகையல்ல, சுடச்சுட வடை வாசனை. நிக்டி சௌக்கில் சிக்னலுக்கு நின்றோம். இரண்டு பக்கமும் ஸ்கூட்டரில் நின்றவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பச்சை விழுந்தும் பாதிப் பேர் நகராமல் எதிரேயிருந்த வடாபாவ் வண்டிக்குப் போய்விட்டார்கள். மாமா ஸ்டியரிங்கைக் குத்திக் குத்திச் சிரித்தார்.

மறு மாதம் அந்த டீசல் ஜீப்பின் பழைய ரப்பர் குழாயை அரித்துத் தின்றது. வழியெல்லாம் சொட்டிக்கொண்டே போனதில் பதினோரு நாய்கள் ரோட்டை நக்கிக்கொண்டே வீடு வரைக்கும் வந்துவிட்டன. மாமா குழாயை மாற்றிவிட்டு, நோட்டில் ‘ஆபத்து எண் ஏழு’ என்று எழுதிக்கொண்டார்.

தீபாவளி முடிந்ததும் தமிழர் வீடுகளுக்குப் பலகாரம் சுட்ட எண்ணெய் வசூலுக்கு வருவார். ஒவ்வொரு வீட்டிலும் என்ன எண்ணெய் என்று கேட்டுக் கேனில் சீட்டு எழுதி ஒட்டுவார், காய்ச்சிய டீசலும் அதே கேனுக்குத்தான் திரும்பும். அதில் விஷயம் இருந்தது. சூரியகாந்தி எண்ணெய் டீசல் புனே குளிரைத் தாங்கும். பாமாயில் டீசல் வெண்ணெயாக உறைந்துவிடும், அதை வெயில் காலத்துக்கென்று தனியாக வைக்க வேண்டும்.

ஆனால் நிக்டியில் எந்தத் தமிழ்க் குடும்பம் தீபாவளி முறுக்கைப் பாமாயிலில் சுட்டதாக ஒப்புக்கொள்ளும்? மாமியாரைக் கைநீட்டி அடித்தேன் என்றுகூடச் சொல்லிவிடுவார்கள். அந்த வருஷம் என் மனைவி என் கம்பெனி டிபார்ட்மெண்ட் முழுவதற்கும் முறுக்கு சுட்டிருந்தாள். கம்பெனிக்குத்தானே என்று ரேஷன் பாமாயில்.

“என்ன எண்ணெய்மா?” என்று மாமா பேனாவைத் திறந்தார்.

“சூரியகாந்திதான் மாமா. எங்காத்துல வேற எதுவும் வாங்கறதே இல்லை” என்றாள் அவள், அடுத்த பிளாட்டுக்கும் கேட்கிற மாதிரி. நான் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்தேன். மாமா எங்கள் வீட்டுப் பெயரைப் போட்டுச் சீட்டை ஒட்டினார். நிறத்தைப் பார்த்து மெச்சவும் செய்தார்.

இதற்குள் மாமி பொறுமையிழந்திருந்தாள். துணி காயப்போட இடமில்லை, ரசத்தில்கூட மெத்தனால் வாசனை. சங்கராந்திக்குள் ஊரில் ஒரு பஸ்ஸாவது இதில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் டிரம்களைப் பங்கார்வாலாவுக்குப் பழைய இரும்பாகப் போட்டுவிடுவேன் என்று கெடு வைத்தாள். மாமா அலைந்து திரிந்து பாட்டீல் என்ற பள்ளிப் பஸ் காண்டிராக்டரைப் பிடித்தார். ஜீப் நிக்டியிலிருந்து விமான் நகர் போய் நிற்காமல் திரும்பினால் ஒரு பஸ் தருகிறேன் என்றார் பாட்டீல். அவருடைய பஸ்கள் ஆறரைக்குக் கிளம்புபவை, அதனால் சோதனையும் ஜனவரியில் காலை ஆறரைக்கு.

மாமா அந்த நாளுக்கென்றே தன்னிடமிருந்ததில் மிக உசத்தியான கேனை எடுத்து வைத்து, முந்தின சாயங்காலமே டாங்கில் ஊற்றிவிட்டிருந்தார். மூன்று பேரும் ஜீப்பில் ஏறினோம். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோல் பம்ப் டீசலில் வண்டி ஜம்மென்று கிளம்பியது. பாட்டீல்கூட தலையாட்டினார். “பார்த்துண்டே இரு, அடுத்த வருஷம் புனே பூரா வடை வாசனைதான்” என்று மாமா என் தொடையில் தட்டினார். எனக்கும் உடம்பெல்லாம் துள்ளியது. பிம்ப்ரி தாண்டியதும் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது.

மாமா இறங்கி ஃபில்டரைத் திறந்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று வெண்ணெய். விரலில் எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். பிறகு பின்சீட்டிலிருந்த காலி கேனைத் திருப்பிச் சீட்டைப் படித்தார். எங்கள் வீட்டுப் பெயர், சூரியகாந்தி எண்ணெய். சீட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

பாட்டீல் என்ன ஆயிற்று என்று கேட்டார். மாமா சீட்டை மெதுவாக உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“கல்தி மேரி ஹை, சாஹேப். கலவையில நான்தான் தப்புப் பண்ணிட்டேன்” என்றார், பாதி இந்தியிலும் பாதி தமிழிலும்.

நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அதற்காக வெட்கப்படுகிறேன். பாட்டீல் ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார். சங்கராந்திக்கு மறுநாள் பங்கார்வாலா வந்து மூன்று டிரம்களைத் தூக்கிப் போனார். நான்காவது எங்கே என்று நான் கேட்டதற்கு, டிரம் எப்போதுமே மூன்றுதான் என்று மாமி சாதித்துவிட்டாள்.

நடந்ததை வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அடுத்த தீபாவளிக்கு நிஜமான சூரியகாந்தி எண்ணெயை வாங்கி, நாலே நாலு முறுக்கு சுட்டுவிட்டு, மிச்சத்தை அப்படியே கேனில் ஊற்றி அவளே மாமா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். பால்கனியில் அந்த நான்காவது டிரம் நின்றிருந்தது.

மாமா பேனாவைத் திறந்தார். என்ன எண்ணெய் என்று கேட்பார் என்று இருவரும் தலைகுனிந்து நின்றோம். அவர் கேட்கவேயில்லை. எங்கள் பெயரை எழுதினார், சூரியகாந்தி எண்ணெய் என்று எழுதினார். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அதன் கீழே, ‘வழக்கம்போல’ என்று எழுதி ஒட்டினார்.