தகர விரலும் பென்னாகரத்துச் சம்பந்தமும்

கை சும்மா இருக்காத ஆளிடம் எந்தப் பொருளையும் கொடுத்து, "சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்கக் கூடாது. பொருள் எப்படிப்பட்டது என்று தெரிகிறதோ இல்லையோ, ஆள் எப்படிப்பட்டவன் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

நான் அப்படிப்பட்ட ஆள். உலகச் சண்டைக் காலத்தில் தர்மபுரியில் ஒரு புளி மண்டியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவேன். என் சட்டையில் பொத்தான் இல்லையென்றால் எதிரே நிற்பவருடையதைத் திருகுவேன். (எங்கள் முதலாளி என்னிடம் எப்போதும் நாலடி தள்ளி நின்றே பேசுவார்.)

மண்டிக்கு எதிரில் காதர் பாயின் குடை ரிப்பேர் கடை. குடை மழைக்காலத் தொழில். மற்ற மாதங்களில் அவர் 'புரொபசர் காதர்'. சந்தை, திருவிழா என்று போய் வித்தை காட்டுவார். கூட்டம் எட்டி நிற்கும், இவர் மேடையில் நிற்பார், பயமில்லை. அந்த வருஷம் சேலத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விருந்தாளிகளின் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் மூக்கெதிரே செய்ய வேண்டுமாம். அதற்காகப் பம்பாயிலிருந்து தபாலில் ஒரு சாமான் வரவழைத்திருந்தார்.

அது ஒரு விரல். தகரத்தில் செய்த கட்டை விரல் நுனி. உள்ளே பொள்ளல், வெளியே தோல் நிறத்தில் பெயிண்டு, நகம் வரை வரைந்திருந்தது. தொப்பி மாதிரி நம் கட்டை விரல்மேல் மாட்டிக்கொள்ள வேண்டும். சின்னச் சிவப்புப் பட்டுத் துணியைக் கைக்குள் வைத்துக் கட்டை விரலால் அமுக்கினால், துணி தகரத்துக்குள் போய்விடும். கையை விரித்தால் துணியைக் காணோம். பார்க்கிறவர்கள் உள்ளங்கையைத்தான் பார்ப்பார்கள், கட்டை விரலைப் பார்க்க மாட்டார்கள். இதுதான் வித்தை.

பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியுமா என்பதுதான் பாயின் கவலை.

"என் கையை ஊரே சந்தேகமாப் பார்க்குதுங்க தம்பி. உங்க கையை யாரும் பார்க்கறதில்லை. ஒரு வாரம் போட்டுட்டுத் திரியுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நீங்க அதைப் பார்க்காதீங்க. நீங்க பார்த்தா எல்லாரும் பார்ப்பாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. துணியை உள்ளே திணித்த தகர விரலுடன் புளி நிறுத்தேன், டீ குடித்தேன், முதலாளிக்குக் கும்பிடு போட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. பிரமாதமான சாமான் என்று பாயிடம் போய்ச் சொன்னேன். அவருக்குத் திருப்தியில்லை. தினமும் பார்க்கிறவர்கள் கவனிக்காதது பெரிய விஷயமில்லை, உங்களையே உற்றுப் பார்க்கிற ஆட்கள் நடுவில் உட்கார்ந்து பாருங்கள் என்றார்.

என்னை யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள்? யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். (இந்த இடத்தில் கொஞ்சம் அறிவுள்ள எவனும் விரலைப் பாயிடம் திருப்பிக் கொடுத்திருப்பான்.)

என் அக்காதான் கூட வந்தாள். பெட்ரோல் கிடைக்காத காலம், கரிவாயுவில் ஓடுகிற பஸ். ஓடுகிற என்பது மரியாதைக்குச் சொல்வது. மேடு வந்தால் நின்றுவிடும், ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். நானும் தள்ளினேன். வெயிலில் விரல் வீங்கியது, தள்ளிய வேகத்தில் தகரம் இன்னும் உள்ளே இறங்கிவிட்டது. பென்னாகரம் வந்து இறங்கும்போது கழற்றிப் பார்த்தேன், வரவில்லை. துண்டுக்குள் கையை விட்டு இழுத்தேன். திருகினேன். உள்ளே அரிக்க ஆரம்பித்தது. தகரத்துக்குள் இருக்கும் விரலை எந்த விரலால் சொறிவது?

"கையை மடியில வெச்சுட்டுச் சும்மா உக்காரமாட்டியாடா. பொண்ணு வூட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க" என்றாள் அக்கா.

பெண்ணின் அப்பா காட்டு இலாகாவில் காவலர். வைக்கோல் வண்டியைத் தூரத்திலிருந்து பார்த்தே அடியில் சந்தனக் கட்டை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்று அந்தப் பக்கம் பேச்சு. என்னை எதிரில் பெஞ்சில் உட்கார வைத்தார். என்னையே உற்றுப் பார்த்தார். நான் விரலைப் பார்க்கக் கூடாது என்று உத்தரத்தைப் பார்த்தேன், பிறகு விரலைப் பார்த்தேன், மறுபடி உத்தரத்தைப் பார்த்தேன்.

பெண் காப்பி கொண்டுவந்தாள். பேர் நாகம்மா. அவள் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் பித்தளை டம்ளரை வாங்கிக்கொண்டிருந்தேன். தகரம் பித்தளையில் பட்டு 'டிங்' என்றது. காட்டு இலாகா நிமிர்ந்தது. அடுத்து, சூடு தகரத்தில் ஏறியது. டம்ளரைக் கீழே வைத்தால் டிங், எடுத்தால் டிங். வாயில் சிரிப்பும் கண்ணில் தண்ணீருமாக முழுக் காப்பியையும் ஒரே மூச்சில் குடித்தேன். மாப்பிள்ளைக்குக் காப்பி என்றால் உயிர் போல என்று உள்ளேயிருந்து பெண்ணின் பெரியம்மா சொன்னது கேட்டது.

பிறகு கச்சாயம் வந்தது. வெல்லமும் அரிசி மாவும் கலந்து எண்ணெயில் பொரித்தது. பிட்டால் எண்ணெய் வடியும். பதற்றத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தின்றேன். பெரியம்மா வந்து தட்டை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் கை லேசாக இருப்பது தெரிந்தது. பார்த்தேன். என் சொந்தக் கட்டை விரல், வெளுத்துச் சுருங்கி, சுதந்திரமாக இருந்தது. அந்த நிம்மதி தீருவதற்குள் சமையலறையில் தட்டு விழுந்தது.

"ஆத்தா, மாப்பிள்ளையோட விரல் தட்டுல கெடக்குது" என்றாள் பெரியம்மா.

அதற்குப் பிறகு உள்ளே தணிந்த குரலில் பேச்சு. 'பெருவியாதி' என்ற சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது, விரல் உதிர்கிற குஷ்டம். அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல் போதும். என் சம்பந்தம் மட்டுமல்ல, அக்காவின் பெண்களுக்கும் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது.

பெண்ணின் அப்பா எழுந்து வந்து, இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினேன். எண்ணினார். பத்து இருந்தது. மறுபடி எண்ணினார். இங்கே பத்து, உள்ளே ஒன்று. அவர் உத்தியோகத்தில் எண்ணிக்கை குறைந்துதான் பார்த்திருக்கிறார், கூடிப் பார்த்ததில்லை.

"அது என் விரல் இல்லைங்க" என்றேன்.

"அப்ப யாரு விரலுங்க?"

"காதர் பாயோடதுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மெதுவாகப் போய் வாசல் கதவைச் சாத்தினார்.

அப்போதுதான் நாகம்மா வெளியே வந்தாள். தகர விரலைத் தன் கட்டை விரலில் மாட்டியிருந்தாள். உள்ளேயிருந்து சிவப்புத் துணியை இழுத்து அப்பாவிடம் காட்டினாள். அதைக் கைக்குள் வைத்து அமுக்கினாள். கையை விரித்தாள். துணி இல்லை. அப்பா உள்ளங்கையைப் பார்த்தார், அக்கா பார்த்தாள், கதவோரம் பெரியம்மாவும் பார்த்தாள். எல்லாம் தெரிந்த நானும் உள்ளங்கையைத்தான் பார்த்தேன்.

"வித்தைச் சாமான்ப்பா இது. தகரம். நகம் மட்டும் ரொம்ப வெளுப்பாப் போயிடுச்சு. அவரு அதையே பார்த்துட்டிருந்தாரு, அதான் காப்பி குடுக்கறப்பவே எனக்குத் தெரிஞ்சுது" என்றாள்.

அவள் அப்பா விரலை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவைத் திறந்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று அக்காவிடம் மட்டும் சொன்னார். திரும்பும் வழியில் பஸ் நின்றது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், நான் இறங்கித் தள்ளினேன். பிறகு வந்த நாட்களில் ராத்தூக்கம் இல்லை. மண்டி வாசலில் சைக்கிள் மணி அடித்தால் பென்னாகரத்துச் சேதியோ என்று எழுந்து நிற்பேன். எடையில் தப்பு, பேச்சில் தப்பு. முதலாளி ஆறடி தள்ளி நின்றார்.

ஒருநாள் காட்டு இலாகாக்காரர் ஒரு நல்ல குடையை எடுத்துக்கொண்டு தர்மபுரி வந்தார். எதிர்க் கடையில் கொடுத்து ரிப்பேர் செய்யச் சொன்னார். கெட்டுப்போகாத குடையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் காதர் பாய் முழித்தாராம். வந்தவர் குடையைப் பார்க்கவில்லை, பாயின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்தும் சரியாக இருந்தன. குடையை வாங்கிக்கொண்டு நேராக மண்டிக்கு வந்து, தை மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று என்னைக் கேட்டார்.

பாய் நகத்துக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுத்து, சேலத்தில் நன்றாகவே செய்துவிட்டு வந்தார். சோதனை செய்தது மாப்பிள்ளை இல்லை, நாகம்மாதான் என்று என் கல்யாணப் பந்தியிலேயே எல்லாருக்கும் சொன்னார்.

இதெல்லாம் நடந்து வெகுகாலம் கழித்து எங்கள் மூத்த பெண்ணைப் பார்க்க ஏரியூரிலிருந்து மாப்பிள்ளை வந்தார். எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நாகம்மா நேரே போய் அவருடைய கட்டை விரலைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். மாப்பிள்ளையின் தாயார் சிரிக்கவில்லை. இது எங்கள் பக்கத்து முறை என்று நினைத்து, மரியாதையாக மறு கையையும் நீட்டச் சொன்னார். போன மாதம் அந்தச் சம்பந்தி வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம். போயிருந்தேன். வெற்றிலைத் தட்டு மாற்றினார்கள், சந்தனம் கொடுத்தார்கள், பிறகு ஒரு பெரியவர் எழுந்து, "நேரமாகுது, மாப்பிள்ளைக்கு விரல் இழுக்கறவங்க வாங்க" என்று கூப்பிட்டார்.