முதல் அத்தியாயத்துப் புருஷன்

இனி என் வீட்டில் காதல் நாவல் கிடையாது என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது முடிவாக இருந்திருக்காது. பேச்சுவார்த்தை ஆகியிருக்கும். இப்போது நினைத்தால், பேச்சுவார்த்தையே நடத்தியிருக்கலாம்.

குந்தவை கான்வென்ட்டில் படித்தவள். பள்ளி நூலகத்தில் இடமில்லை என்று சிஸ்டர்கள் கழித்துவிட்ட இங்கிலீஷ் நாவல்களைக் கல்யாணச் சீரோடு கொண்டுவந்தவள். எல்லாம் ஒரே அச்சு. அட்டையில் தரையைக் கூட்டுகிற பாவாடையோடு ஒரு பெண், பின்னால் கோதுமை வயல், தூரத்தில் ஒரு சர்ச். உள்ளே நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய காதல். கதாநாயகன் கையைப் பிடிக்கவே பாதிப் புத்தகம் ஆகும். பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஜெபம் வேறு. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிற குடும்பத்துப் பெண் இதில் என்னத்தைக் கண்டாள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பிள்ளை பிறந்த பிறகு அவளுக்கு எல்லாமே பயம். குழந்தை விக்கினால் பயம். விக்காமல் தூங்கினால் அதைவிடப் பயம், மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். வாசல் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் பயம். இந்த நேரம் பார்த்து எனக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை கிடைத்தது. குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டதும் கிளம்ப வேண்டியதுதான்.

"போகாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"இதுக்கெல்லாமா பயப்படுவ? பக்கத்து வீட்டுல தங்கையன் இருக்கான்ல."

"நான் தங்கையன் அண்ணனையா கட்டிக்கிட்டேன்?"

"ரெண்டே வருஷம் குந்தவை."

"வந்து பாருங்க, பிள்ளை உங்களை மாமான்னு கூப்பிடும்."

அதோடு பேச்சு முடியும். ஒரு நாவலை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொள்வாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படிப்பாள், நடுவில் கண்ணைத் துடைப்பாள். எனக்குச் சந்தேகமே இல்லை. பயத்துக்குக் காரணம் புத்தகம். புத்தகம் போனால் தைரியம் வரும். அவளுக்குத் தைரியம் வந்தால் நான் மஸ்கட் போகலாம்.

அலமாரியின் முன்வரிசையில் ஆறு நாவல்கள் 'எடுத்துக்கோ' என்பதுபோல் நின்றன. எடுத்தேன். சாக்கில் போட்டு, நெல்லோடு நெல்லாக ஏற்றி, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்.

அங்கே ஒரே மழை. நெல்லில் ஈரம் குறைந்தால்தான் எடுப்பார்கள். மழை விட்டால்தான் ஈரம் குறையும். அதுவரை தார்ப்பாயைப் போர்த்திக் குவியலுக்குக் காவல் இருக்கவேண்டும். போனில் சார்ஜ் போயிற்று. வேறு வழியில்லாமல் சாக்குக்குள் கையை விட்டேன்.

என்னுடையது பாலிடெக்னிக் இங்கிலீஷ். அதற்கே புரிந்தது. கைக்குழந்தையோடு மனைவியை விட்டுவிட்டு ஒருவன் கப்பலேறுகிறான். பதினோராம் பக்கத்தில் கப்பல் மூழ்குகிறது. சரி, அவன் விதி என்று அடுத்ததை எடுத்தேன். அந்தப் புருஷன் தங்கம் தோண்டப் போகிறான். சுரங்கம் இடிகிறது. மூன்றாவது ஆள் ரயில் பாதை போடப் போய்க் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். ஆறிலும் இதே கதி. முதல் அத்தியாயத்தில் புருஷன் வெளியூர் போவான், சாவான். இரண்டாம் அத்தியாயத்தில் பக்கத்துப் பண்ணைக்காரன் விறகு பிளந்து கொடுப்பான், குழந்தையைத் தூக்குவான். அவன்தான் கதாநாயகன்.

"என்ன மாப்ள, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றான் அடுத்த குவியலில் இருந்த தங்கையன். சொந்த டிராக்டர், தங்கமான குணம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"கதை."

"சத்தமாத்தான் படியேன். எனக்கும் பொழுது போகும்."

தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ஜெய்னுலாபுதீன் பாயும் தன் குவியலை விட்டு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு பயமாருக்குன்னு சொல்லிச்சே, புருஷன் என்ன சொன்னான்?"

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கே குரல் இறங்கிவிட்டது. "'இதுக்கெல்லாமா பயப்படுவ'ன்னான்."

"அப்ப கப்பல் முழுகினது நியாயம்தான்."

"அந்தப் பண்ணைக்காரன் என்ன சொன்னான் மாப்ள?"

"'பயப்படாதே, நான் இருக்கேன்'னான்."

"அவ்வளவுதானா? இதுக்கா குதிரைல வந்தான்?" தங்கையன் சிரித்தான். "நம்மகிட்ட டிராக்டரே இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு புத்தகத்தையும் புரட்டினேன். அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றில் பாதிரியார் சொன்னார், ஒன்றில் பைபிள் சொன்னது, மற்றதிலெல்லாம் பண்ணைக்காரன் சொன்னான். அது வருகிற பக்கமெல்லாம் ஓரம் மடிந்திருந்தது, மை கலங்கியிருந்தது. நான் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டேகூடச் சொல்லியிருக்கக்கூடிய வார்த்தை. அதை என் பெண்டாட்டி யாரோ ஒரு வெள்ளைக்காரன் வாயால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போய்வந்த தங்கையன் கையில் என் சாப்பாட்டுத் தூக்கு.

"தங்கச்சி குடுத்துவிட்டுச்சு. உன் பிள்ளை என்கிட்ட நல்லா ஒட்டிக்கிட்டான் மாப்ள, இறங்கவே மாட்டேங்கிறான். அப்படியே கொஞ்சம் விறகு பொளந்து குடுத்துட்டு வந்தேன்."

"விறகா?"

"ஏன் மாப்ள, முகம் இப்படிப் போவுது?"

தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறான். அந்தப் பண்ணைக்காரன்களும் முதலில் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

குவியலைப் பாயிடம் ஒப்படைத்துவிட்டு மழையோடு ஓடினேன். குந்தவை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மஸ்கட் போகலை."

"ஏன், விசாவுல கோளாறா?"

"இல்ல. குந்தவை, நீ பயப்படாதே. நான் இருக்கேன்."

அவள் உதடு துடித்தது. பிறகு முந்தானையால் என் தலையைத் துவட்டினாள்.

"எத்தனை தடவை வாயால சொன்னேன். கேட்டீங்களா?"

தலையை ஆட்டினால் துவட்டுவது நின்றுவிடும் என்று சும்மா நின்றேன். அவள் துவட்டத் துவட்ட, இவ்வளவு நாள் கோட்டைவிட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

ஆறு நாவல்களையும் அலமாரியில் வைக்கப் போனேன்.

"அங்க வேண்டாங்க. கட்டிலுக்குக் கீழ டிரங்குப் பெட்டில போடுங்க."

பெட்டியைத் திறந்தேன். உள்ளே விளிம்பு வரை நாவல்கள். ஒன்றை எடுத்து முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். புருஷன் உயிரோடு இருந்தான். இன்னொன்றில் கடைசிப் பக்கம். பேரனோடு உட்கார்ந்து கோதுமை ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"இதுல எல்லாம் புருஷன் சாகவே இல்லையே?"

"அதெல்லாம் நான் படிக்கிறதுங்க." பிள்ளையை என் கையில் கொடுத்தாள். "அந்த ஆறும் நீங்க தூக்கிட்டுப் போவீங்கன்னு பொறுக்கி முன்னால வச்சது."

"அப்ப தங்கையன் பொளந்த விறகு?"

"ஏங்க, நம்ம வீட்டுல இருக்கிறது கேஸ் அடுப்புதானே?"