ஒப்பீட்டுத் தெரு

இந்த மண்டலத்தில் எங்களுக்குத் தெரியாமல் ஒரு மனிதருக்கும் வயிற்றுப்போக்கு வர முடியாது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. மண்டலப் பொது நலவாழ்வு மேம்பாட்டு மையத்தின் தரவு அலுவலர் என்ற முறையில் ஆதாரத்தோடு சொல்கிறேன். யாருக்கு, எந்தத் தேதியில், நாளொன்றுக்கு எத்தனை முறை, என்ன நிறத்தில் என்பதுவரை எங்கள் பச்சை அலமாரியில் இருக்கிறது. பெற்ற தாய்கூடப் பிள்ளையை இந்த அளவுக்குக் கவனித்திருக்க மாட்டாள்.

எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருக்கிறது. நுழைந்ததும் இடப்பக்கம் கைகழுவும் தொட்டி. அதற்கு மேலே, கை கழுவுவதன் ஏழு படிகளை விளக்கும் வண்ணப்படம். தண்ணீர் தெறித்து அந்தப் படம் இரண்டு முறை கெட்டுப்போனதால் நிர்வாகம் குழாயை அடைத்துவிட்டது. இப்போது படம் பளபளவென்று இருக்கிறது. வருகிற பிரமுகர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றுதான் புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

எங்கள் இயக்குநர் இருபது வருடமாகச் சேவை செய்கிறவர். 'ஆரோக்கியம்' என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். அப்படிப்பட்டவரையே கண்ணைத் திறக்க வைத்தார், வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர்.

"ஒரு தெருவுல சோப்பு குடுக்கறீங்க, பாடம் நடத்தறீங்க, நோய் குறையுது. நம்மளாலதான் குறைஞ்சுதுன்னு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார் ஆலோசகர்.

"நாமதானே செஞ்சோம்?"

"செய்யாம இருந்தாலும் குறைஞ்சிருக்கலாமே?"

இயக்குநர் ஆடிப்போய்விட்டார். இருபது வருடத்தில் இப்படி ஒரு சந்தேகம் அவருக்கு வந்ததே இல்லை.

"அதனால, ஒண்ணுமே செய்யாத தெரு ஒண்ணு வேணும். அதுதான் ஒப்பீட்டுத் தெரு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் நம்ம வேலையோட அருமை தெரியும்."

"ஒரு வருஷம் முழுக்க ஒண்ணுமே செய்யாம இருக்க நம்மகிட்ட அனுபவசாலிங்க இருக்காங்களா?" என்று இயக்குநர் கவலையோடு கேட்டார்.

மூத்த ஊழியர்கள் பத்துப் பேரின் பெயரை உடனே எழுதிக் கொடுத்தேன்.

சீட்டுக் குலுக்கினோம். 'செயல் தெரு'வாக முதல் தெரு வந்தது. ஒப்பீட்டுத் தெருவாக மூன்றாம் தெரு வந்தது. என் அக்காவின் வீடு மூன்றாம் தெருவில்தான் இருக்கிறது. அக்கா வாசலை ஒட்டிய ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டு ரவிக்கை தைக்கிறாள். மாமா லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். ஆறு வயதில் ஒரு மகள், எங்களுக்குக் குட்டி.

'ஆய்வுப் பகுதியில் உறவினர் உண்டா?' என்று ஒரு படிவம் இருந்தது. உண்டு என்று நேர்மையாக எழுதினேன். ஆலோசகர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். "இருக்கட்டும், ஒண்ணும் பிரச்சனை இல்ல. அவங்ககிட்ட வாயத் திறக்காதீங்க, அவ்ளோதான்," என்றார். ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மாதமே இரண்டு தெருத் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்பினோம். முதல் தெருத் தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தம். மூன்றாம் தெருத் தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தது. எங்கள் ஆட்கள் திறமைசாலிகள். கலக்கிற இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார்கள். தெரு வளைவில், சாக்கடையை மூடியிருக்கும் சிமெண்ட் பலகைக்கு அடியில், குடிநீர்க் குழாயின் இணைப்பு விரிசல் விட்டிருந்தது. அறிக்கையை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, பச்சை அலமாரியின் மேல் தட்டில் பத்திரப்படுத்தினோம்.

அன்று கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். அக்கா ஞாபகம் வந்ததால் எழுந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"ஐயா, இவ்ளோ தெரிஞ்சும் சும்மா இருக்கறதா?"

"யார் சும்மா இருக்கா?" என்றார் ஆலோசகர். "உன்னிப்பா கவனிச்சிட்டு இருக்கோமே!"

"அங்க குழந்தைங்கல்லாம் இருக்கு..."

"இப்பப் போய்ச் சொன்னா அவங்க சரிபண்ணிடுவாங்க. சரிபண்ணிட்டா அது எப்படி ஒப்பீட்டுத் தெருவா இருக்கும்? ஆய்வே மாசுபட்டுடும் சார்!"

இயக்குநர் கண்ணை மூடினார். "தரவு அலுவலரோட கவலைய நிகழ்ச்சிக் குறிப்புல ஏத்திடுங்க," என்றார். 'கவலை பதிவு செய்யப்பட்டது' என்று ஏற்றினார்கள். பதிவானதும் என் மனம் பாதி லேசாகிவிட்டது. மீதிப் பாதியை உட்கார்ந்து சமாளித்துக்கொண்டேன்.

செயல் தெருவில் வேலை மும்முரமாக நடந்தது. ஏற்கெனவே சுத்தமாக இருந்தவர்களுக்கு இன்னும் சுத்தமாக இருப்பது எப்படி என்று விளக்கினோம். ஒரு வீட்டுக்கு நான்கு சோப்பு கொடுத்தோம். கைகளைத் தேய்த்துத் தேய்த்துச் சிலருக்குத் தோல் உரிந்தது. அதைப் 'பங்கேற்பின் ஆழம்' என்ற தலைப்பில் பதிவு செய்தோம்.

ஒப்பீட்டுத் தெருவுக்கு மாதாமாதம் படிவத்தோடு போனது நான் மட்டும்தான். தெரு வளைவுக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிடும். குனிந்து அந்தச் சிமெண்ட் பலகையை ஒரு பார்வை பார்ப்பேன். பிறகு நிமிர்ந்து கடமையைத் தொடர்வேன்.

"கடந்த பதினஞ்சு நாள்ல வீட்ல யாருக்காவது வயிற்றுப்போக்கு?"

"குட்டிக்குத்தான், இது மூணாவது தடவை," என்றாள் அக்கா, மெஷினை நிறுத்தாமல். "டாக்டர் வெளித்தீனிதான் காரணம்னு சொல்றார். பிஸ்கட்டை நிறுத்திட்டேன், ஐஸ் நிறுத்திட்டேன், பக்கத்து வீட்டுக்குக்கூட அனுப்பறதில்ல. நெறைய தண்ணி குடுக்கச் சொன்னார். அதை மட்டும் குறைவில்லாம குடுத்துட்டிருக்கேன்."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா?"

"எத்தனை தடவைன்னு எண்ணிட்டு உக்காந்திருப்பாங்களாடா? எட்டுன்னு போட்டுக்கோ. ஆமா, மாசாமாசம் எழுதிட்டுப் போறியே, ஏதாவது செய்வீங்களா மாட்டீங்களா?"

"எழுதறதே பெரிய வேலைதான்க்கா."

"இந்தா, வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி."

"வேணாம்க்கா, இப்பதான் குடிச்சேன்," என்று தோளில் தொங்கிய அலுவலகப் பாட்டிலைக் காட்டினேன்.

நான்காவது மாதம் மூன்றாம் தெருக் குழாய்க்காரர் எங்கள் அலுவலகத்துக்கே படியேறி வந்துவிட்டார். அந்தத் தெருவிலிருந்து ஓர் ஆள் உள்ளே வருவது திட்டத்துக்கே விரோதம். அவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு அவசரக் கூட்டம் போட்டோம். கூட்டம் முடிந்து வந்து பார்த்தால், காத்திருந்த நேரத்தில் மனிதர் அடைத்திருந்த குழாயைச் சரிசெய்து, ஏழு படிகளையும் படித்து, கையும் கழுவி முடித்திருந்தார். வண்ணப்படம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"சார், எங்க தெருத் தண்ணி வாடை அடிக்குது," என்றார் குழாய்க்காரர். "எங்கயோ உடைஞ்சிருக்கு. இடம் மட்டும் தெரிஞ்சா அரை மணி நேரத்துல மாத்திடுவேன். அதுக்காகத் தெரு முழுக்கத் தோண்ட முடியுமா, சொல்லுங்க. நீங்க தண்ணியெல்லாம் சோதிக்கறீங்களாமே?"

இயக்குநர் பச்சை அலமாரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"உங்க ஆர்வத்தைப் பாராட்டறேன்," என்றார். "பொறுமையா இருங்க. வருஷக் கடைசியில அறிக்கை வருது."

"அதுவரைக்கும் தண்ணி குடிக்காம இருக்க முடியுமா சார்?"

"தாராளமா குடிங்க! வழக்கத்தை மாத்திடாதீங்க. எப்பவும் குடிக்கற மாதிரியே குடிங்க," என்று ஆலோசகர் பதறிப்போய்ச் சொன்னார்.

குழாய்க்காரர் போன பிறகு, 'ஒப்பீட்டுத் தெருவாசி ஒருவர் கை கழுவிவிட்டார்' என்று விபத்துப் பதிவேட்டில் எழுதினேன். குழாயை மறுபடி அடைத்தார்கள்.

எட்டாவது மாதம் குட்டியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போனபோது கட்டிலில் பாதி இடம்கூட நிரம்பாமல் கிடந்தாள். புறங்கையில் ஊசி, தலைக்கு மேல் பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மாதிரி வயிற்றுவலிக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

"மாமா, தண்ணி," என்றாள் குட்டி.

அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கூஜாவை எடுத்தாள். அதற்குள் என் கை முந்திக்கொண்டது. எப்படி முந்தியது என்று எனக்கே தெரியாது. என் பாட்டிலைத் திறந்து அவள் வாயில் வைத்தேன். மடமடவென்று குடித்தாள்.

"இது வாடையே அடிக்கலம்மா," என்றாள் குட்டி.

அக்கா கூஜாவைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். தைக்கும்போது தப்பாகப் போன தையலைத் தேடுவாளே, அந்தப் பார்வை.

"ஏன்டா, இந்த எட்டு மாசத்துல ஒரு நாளாவது எங்க வீட்ல தண்ணி குடிச்சிருக்கியா?"

"அக்கா... நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுக்கா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சொல்ல வேணாம். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்." கூஜாவைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "மாசாமாசம் வரும்போது அந்த வளைவுல நின்னு குனிஞ்சு எதையோ பாப்பியே. ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். காசு ஏதாவது தொலைச்சிட்டியோன்னு நினைச்சேன். அங்கதானா?"

நான் வாயைத் திறக்கவில்லை. நிறுவன விசுவாசத்தில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

மறுநாள் காலையில் குழாய்க்காரர் சிமெண்ட் பலகையைப் பெயர்த்தார். தெருவே கூடி நின்று பார்த்தது. சொன்னபடி அரை மணி நேரம்தான். பழைய இணைப்பை அறுத்துப் போட்டுப் புதியதை மாட்டிவிட்டு, குழாயை ஒரு மணி நேரம் திறந்துவிடச் சொன்னார். நான் ஓர் ஓரமாகப் படிவத்தோடு நின்றேன். இந்த நிகழ்வை எழுதவும் அதில் கட்டம் இல்லை.

பத்தாவது மாதக் கணக்கைப் பார்த்து அலுவலகம் இடிந்துபோனது. செயல் தெருவில் நோய் இரண்டு சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பீட்டுத் தெருவில் ஒரு நோயாளிகூடக் கிடைக்கவில்லை. உடனே 'கசிவு விசாரணைக் குழு' அமைத்தார்கள். குழாய்க் கசிவைப் பற்றியதல்ல. தகவல் கசிவைப் பற்றியது. என்னை நடுவில் உட்கார வைத்தார்கள்.

"உங்க அக்காகிட்ட வாயால சொன்னீங்களா?" என்றார் ஆலோசகர்.

"இல்ல."

"எழுதிக் காட்டினீங்களா? சைகை ஏதாவது?"

"இல்ல."

"அவங்க வீட்ல தண்ணி குடிச்சீங்களா?"

"இல்ல."

ஆலோசகர் மேசையைத் தட்டினார். "அங்கதான் கோட்டை விட்டுட்டீங்க! குடிச்சிருக்கணும். சந்தேகம் வராத அளவுக்கு ஒரு டம்ளராவது குடிச்சிருக்கணும். இனிமே ஒப்பீட்டுத் தெருவுக்குப் போற எல்லாரும் கண்டிப்பா குடிக்கணும்னு விதி போடுங்க."

இயக்குநர் பதறி எழுந்தார். "என்ன சார் பேசறீங்க! அது சாக்கடைத் தண்ணி. தெரிஞ்சுக்கிட்டே ஒரு மனுஷன குடிக்க விடறதா?"

இந்தப் பத்து மாதத்தில் இயக்குநர் இந்தக் கேள்வியைக் கேட்டது இதுதான் முதல்முறை. ஊழியர்கள்மேல் அவருக்கு அத்தனை பாசம்.

நான் குற்றமற்றவன் என்று குழு ஏகமனதாக முடிவு செய்தது. சொந்த அக்காவிடமே ஒரு வார்த்தை பேசாததற்காக எனக்கு 'ரகசியக் காப்புச் செம்மல்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். ஆண்டறிக்கையையும் ஒருவழியாக ஒப்பேற்றினோம். 'ஒன்றுமே செய்யாத தெருவில் நூறு சதவீத வெற்றி' என்று முதல் பக்கத்திலேயே போட்டோம். மேலிடத்துக்கு மிகவும் பிடித்துப்போய், அடுத்த வருடம் நாற்பது தெருக்களில் ஒன்றும் செய்யாமல் இருக்க அனுமதி வந்திருக்கிறது.

சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவளிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது? அக்கா மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் படித்தாள். குட்டி எட்டிப் பார்த்தாள். இப்போது கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"மாமாவுக்கு எதுக்கும்மா பரிசு குடுத்தாங்க?"

"நீ ஆஸ்பத்திரில கெடந்தப்ப மாமா பேசாம இருந்தார்ல, அதுக்கு," என்றாள் அக்கா.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்து என் முன்னால் வைத்தாள். எட்டு மாதத்துத் தாகம் எனக்கு. எடுத்தேன், உதடுவரை கொண்டுபோய் அப்படியே திரும்ப வைத்துவிட்டேன்.

ஆனாலும் ஆரம்பத்தில் நான் சொன்னது சத்தியம். வேண்டுமானால் பச்சை அலமாரியைத் திறந்து பாருங்கள். குட்டிக்கு வயிற்றுப்போக்கு எங்களுக்குத் தெரியாமல் வரவில்லை. தெரிந்துதான் வந்தது.